நடுக்காதுத் தொற்று: காதுக்குள் விடும் எண்ணெய் ஏன் அங்கு போய்ச் சேர்வதில்லை

நிலாவெளியில் வசிக்கும் ஒரு தாய் தமது மூன்று வயது மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பிள்ளைக்கு இரண்டு தடவை தடிமன் வந்து, இரண்டு தடவையும் காதுக்குத்தில் முடிந்திருக்கிறது. இரண்டாவது தடவை இரவு முழுவதும் காதைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை விடியற்காலையில் தானாகவே ஓய்ந்து உறங்கிவிட, காலையில் தலையணையில் மஞ்சள் கறை இருந்திருக்கிறது. அப்பம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்குள் விட்டிருக்கிறார். பிறகு பாமசியில் கேட்டு ஒரு துளி மருந்தும் வாங்கி விட்டிருக்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வைத்ததால்தான் காதுக்குள் தண்ணீர் போய்ச் சீழ் வைத்ததா, ஒவ்வொரு தடவையும் அன்டிபயோட்டிக் கொடுத்தே ஆக வேண்டுமா, இது திரும்பத் திரும்ப வராமல் தடுக்க வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள். திருகோணமலையில் குழந்தைகள் விடுதியிலும், பின்னர் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கிலும் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற வகையில், ஒவ்வொரு மாரிக்கும் தாய்மார் இதே கேள்விகளோடு வந்ததைக் கண்டவள் நான். ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் கன்னியாவைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது காது ஒரே துளையாகத் தெரிந்தாலும், அந்தத் துளை ஒரு முட்டுச்சந்து. அதன் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு முழுவதுமாக மூடி நிற்கிறது. அதற்கு அப்பால் உள்ள சிறிய காற்றறைதான் நடுக்காது. ஒலியை உட்காதுக்குக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை கன்னியாவின் ஏழு கிணறுகளில் எதன் தண்ணீரும், உப்புவெளிக் கடல் தண்ணீரும் நடுக்காதுக்குள் நுழைய முடியாது. நடுக்காதுக்குப் போகும் வாசல் வேறோர் இடத்தில் இருக்கிறது. மூக்கின் பின்புறம், தொண்டையின் மேற்பகுதியிலிருந்து ஒரு சிறு குழாய் நடுக்காதுக்குச் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியல் மருத்துவர் பார்தொலொமேயோ யூஸ்தாக்கியின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழாய் என்று அழைக்கப்படுகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழாய் ஒரு கணம் திறந்து, உள்ளே காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, அங்கு ஊறும் நீரை மூக்கின் பின்புறத்துக்கு வடிய விடுகிறது.

பெரியவர்களில் இந்தக் குழாய் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நீளமும் நல்ல சரிவும் கொண்டது. கைக்குழந்தையில் அதன் நீளம் ஏறக்குறையப் பாதிதான். அதோடு கிட்டத்தட்டப் படுக்கையாகவே கிடக்கிறது. தடிமன் வந்ததும் குழாயின் உட்சவ்வு வீங்கி அடைபடுகிறது, உள்ளே நீர் தேங்குகிறது, மூக்கின் பின்புறத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் அந்தக் குறுகிய வழியால் மேலேறிப் பெருகுகின்றன. நியூமோகொக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா, மொரக்செல்லா ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காணப்படும் பக்டீரியாக்கள். தடிமனைத் தரும் வைரசுகள் அவற்றுக்கு வழி திறந்துகொடுக்கின்றன. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் இந்த நோய் அதிகமாக வருவதும், வயது ஏற ஏறக் குறைவதும், நமது பகுதியில் வாடை வீசும் மாரி மாதங்களில் தடிமனோடு சேர்ந்து பெருகுவதும் இதனால்தான். நடுக்காதுத் தொற்று மூக்கில் தொடங்கும் நோய் என்ற இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், நான் இனிச் சொல்லப்போகும் மருத்துவமும் தடுப்பும் இயல்பாகவே விளங்கும்.

தண்ணீரால் வரும் காதுநோய் ஒன்றும் உண்டு. அது செவிப்பறைக்கு வெளியே உள்ள துளையின் தோலில் வருவது. கடலிலோ குளத்திலோ நீண்ட நேரம் குளித்த பின்னரும், காதைக் குடைந்த பின்னரும் அந்தத் தோல் ஊறிப் புண்ணாகித் தொற்று ஏற்படுகிறது. இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். காது மடலை மெதுவாக இழுக்கும்போதோ, துளைக்கு முன்னால் உள்ள சிறு குருத்தை அழுத்தும்போதோ வலி துள்ளி எழுந்தால் அது பெரும்பாலும் வெளிக்காது நோய். மடலை ஆட்டினால் வலி கூடாமல், தடிமனும் காய்ச்சலும் சேர்ந்து, படுக்கும்போது பிள்ளை அதிகம் அழுதால் நடுக்காதைச் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் உறுதியாகச் சொல்ல, ஒட்டோஸ்கோப் என்னும் விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்த்தே ஆக வேண்டும். சிவந்திருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் பலமாக அழும் எந்தப் பிள்ளையின் செவிப்பறையும் சற்றுச் சிவக்கும். சீழின் அழுத்தத்தால் அது வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறதா என்பதையே அனுபவமுள்ள வைத்தியர் தேடுவார். காதுக்குள் பார்க்காமலே காதுக்கு மருந்து எழுதித் தரும் இடத்தில், தயவுசெய்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இப்போது அந்த எண்ணெய். அப்பம்மா பேரப்பிள்ளையின் வலியைத் தாங்க முடியாமல் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் என் அம்மம்மா அதையே செய்தவர். எண்ணெய் விட்டதும் வலி தணிந்ததாக நானே சிறு வயதில் உணர்ந்திருக்கிறேன். இளஞ்சூடு எந்த வலியையும் சற்று ஆற்றும் என்பதும், இந்த நோயின் வலி பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்குள் தானே குறையத் தொடங்கும் என்பதும் சேர்ந்துதான் எண்ணெய்க்கு அந்த நற்பெயரைக் கொடுத்திருக்கின்றன. செவிப்பறை முழுமையாக இருந்தால் எண்ணெய் சீழ் இருக்கும் இடத்தைத் தொடவே முடியாது. செவிப்பறை வெடித்திருந்தால் எண்ணெயும், அதில் ஊறிய உள்ளித் துகளும், அடுப்படிக் கரண்டியின் அழுக்கும் நேராக நடுக்காதுக்குள் இறங்கிவிடும். முதல் நிலையில் பயனில்லை, இரண்டாம் நிலையில் ஆபத்து. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது வெளியிலிருந்து தெரியாது. சூடு அளவுக்கு மிஞ்சிச் செவிப்பறை வெந்துபோன பிள்ளையையும் நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். தாய்ப்பால், வெங்காயச் சாறு, ஐதரசன் பெரொக்சைட்டு, எரியும் மெழுகுக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அப்பம்மாவின் கைப்பக்குவம் வீணாக வேண்டியதில்லை: சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தமது கையில் வைத்துச் சூடு பார்த்த பின், காதின் வெளிப்புறத்தில் ஒத்தடம் கொடுக்கட்டும். அந்தச் சூடு தரும் ஆறுதலே எண்ணெய் தந்த ஆறுதலும்.

வலிக்கு உண்மையான மருந்து பரசிற்றமோல், அதாவது நாம் பொதுவாகப் பனடோல் என்று சொல்வது. நடுக்காதுத் தொற்றின் முதல் இரண்டு நாட்களில் வேறெதையும் விட முக்கியமான மருந்து இதுவே என்பது என் கருத்து. ஆனால் பல வீடுகளில் இதைக் காய்ச்சலுக்கான மருந்தாக மட்டும் நினைத்து, உடம்பு சுடவில்லை என்று கொடுக்காமல் பிள்ளையை வலியோடு விட்டுவிடுகிறார்கள். அளவை வயதை வைத்து ஊகிக்காமல் நிறையை வைத்துக் கணக்கிட வேண்டும்: ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். உங்கள் மகன் 14 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 140 முதல் 210 மி.கி.; 5 மி.லீ.இல் 120 மி.கி. உள்ள பாணி மருந்தில் அது ஏறத்தாழ 6 முதல் 8.5 மி.லீ. வரும். போத்தலில் எழுதியிருக்கும் செறிவைப் படியுங்கள், ஏனெனில் 5 மி.லீ.இல் 250 மி.கி. உள்ள பாணியும், கைக்குழந்தைகளுக்கான மிகச் செறிவான துளி மருந்தும் ஒரே பெயரில் கடையில் இருக்கின்றன. தேநீர்க் கரண்டியால் அளக்காமல் போத்தலோடு வரும் அளவுக் குவளையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வைத்தியரிடம் காட்டாமல் எதையும் கொடுக்கக் கூடாது.

இங்கு நமது ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிற நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் காதுவலிக்கு ஐபுபுரோஃபனும் கொடுக்கலாம் என்று இருக்கும். அந்த நாடுகளுக்கு அது சரி. ஆனால் மாரிக்காலத்தில்தான் இங்கு டெங்குவும் பெருகுகிறது. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி வீடு வீடாகப் பிள்ளைகள் படுத்ததை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை இரத்தக் கசிவை மோசமாக்கும். மலவாயில் வைக்கும் வலி மருந்தும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். காய்ச்சல் இருக்கும்போது வைத்தியர் டெங்கு இல்லை என்று சொல்லும்வரை பரசிற்றமோலைத் தவிர வேறு வலி மருந்து வேண்டாம். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதும் வேண்டாம்.

அடுத்தது அன்டிபயோட்டிக். ஒவ்வொரு காதுக்குத்துக்கும் அது தேவையில்லை. எந்த அன்டிபயோட்டிக்கும் இல்லாமலே பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தீர்ந்துவிடுகிறது. பெரும்பாலோர் மூன்று நாட்களில் தேறிவிடுகிறார்கள். அதனால் இரண்டு வயதைக் கடந்த, மற்றப்படி ஆரோக்கியமான பிள்ளைக்குக் காய்ச்சல் குறைவாகவும் வலி மிதமாகவும் இருந்தால், வலி மருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கவனித்திருந்து, குறையாவிட்டால் மட்டும் அன்டிபயோட்டிக் தொடங்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஆனால் இது வைத்தியர் பார்த்துத் தீர்மானித்த பின் காத்திருப்பது; பார்க்காமலே காத்திருப்பது அல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், இரண்டு வயதுக்குட்பட்டு இரண்டு காதுகளிலும் தொற்று உள்ள குழந்தைக்கும், 39 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சலோ 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்த வலியோ உள்ள பிள்ளைக்கும், காதிலிருந்து சீழ் வடியத் தொடங்கிய பிள்ளைக்கும் காத்திருக்காமல் தொடங்குவார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு இரண்டாம் தடவை அது தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன்.

வழக்கமான முதல் மருந்து அமொக்சிசிலின்; ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், முன்னரே அண்மையில் அதை எடுத்தவர்களுக்கும் வேறு தெரிவு செய்வார்கள். எத்தனை நாள் என்பது வயதையும் கடுமையையும் பொறுத்து ஐந்திலிருந்து பத்து நாள் வரை மாறும். இரண்டாம் நாள் பிள்ளை விளையாடத் தொடங்கியதும் பாணியை நிறுத்தி, மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுத்த தடவைக்கென்று வைத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம். தண்ணீர் கலந்து கரைத்த பாணி மருந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் வீரியம் இழக்கிறது. அரைகுறையாகக் கொடுக்கப்பட்ட மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது. அக்காவுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுப்பதும் அப்படியே. தடிமனுக்குக் கொடுக்கும் ஒவ்வாமை மருந்துகளும் மூக்கடைப்புப் பாணிகளும் நடுக்காது நீரை வற்றச் செய்வதில்லை, உறக்கத்தைத்தான் தருகின்றன.

தலையணையில் இருந்த மஞ்சள் கறைக்கு வருகிறேன். அன்று விடியற்காலையில் பிள்ளையின் அழுகை ஓய்ந்தது நோய் தீர்ந்ததால் அல்ல. சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறை சிறிதாகக் கிழிந்து, சீழ் வெளியேறியதும் வலி நின்றுவிட்டது. வலி நின்றதால் வீட்டார் நிம்மதியடைந்து வைத்தியரிடம் போவதைக் கைவிடும் நேரமும் அதுதான். பயப்பட வேண்டாம், இத்தகைய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அது மூடும்வரை காதுத் துளை இனிமேலும் முட்டுச்சந்து அல்ல, நான் மேலே தண்ணீரைப் பற்றிச் சொன்ன உறுதிமொழி இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. குளிக்க வார்க்கும்போது வசலின் தடவிய பஞ்சுருண்டையைத் துளையின் வாயில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். கடலும் கன்னியாவும் இப்போதைக்கு வேண்டாம். பாமசியில் வாங்கிய அந்தத் துளி மருந்தை நிறுத்தி, போத்தலையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். காதுத் துளிகள் எல்லாம் ஒன்றல்ல. ஜென்டமைசின், நியோமைசின் போன்றவை கிழிந்த செவிப்பறைக்கு அப்பால் சென்று உட்காதின் கேட்கும் நரம்பணுக்களைப் பாதிக்கக் கூடியவை. சிப்ரோஃபுளொக்சசின் போன்ற குயினொலோன் துளிகளுக்கு அந்த ஆபத்து இல்லாததால், வடியும் காதுக்கு அவற்றையே தெரிவு செய்கிறார்கள்.

வடியும் காதை உலர்த்துவது மருந்துக்கு ஈடான வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் சிறு வைத்தியசாலைகளுக்கு வகுத்துக் கொடுத்த முறையும் இதுவே. சுத்தமான, நீரை உறிஞ்சும் பருத்தித் துணியையோ உறுதியான திசுத் தாளையோ திரி போல முறுக்கி, பிள்ளையின் காதுக்குள் நோகாமல் வைத்து, அது நனைந்ததும் எடுத்துவிட்டு புதிய திரியை வைக்க வேண்டும். திரி உலர்ந்து வெளிவரும்வரை இதைத் தொடர வேண்டும். நாளுக்குக் குறைந்தது மூன்று தடவை. பஞ்சுக் குச்சியோ தீக்குச்சியோ கொண்டையூசியோ கோழிச்சிறகோ இந்த வேலைக்கு உதவாது, அவை சீழைப் பின்னுக்குத் தள்ளும், செவிப்பறையைக் குத்தும். உலர்த்திய பின்னரே துளி மருந்து. சீழ் நிறைந்த காதில் விட்ட துளி வழிந்து கழுத்துக்குத்தான் போகும். போத்தலைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றுங்கள், ஏனெனில் குளிர்ந்த துளி தலைசுற்றலைத் தரும். மூன்று வயதுக்கு உட்பட்டவருக்கு மடலைக் கீழும் பின்னுமாகவும், அதற்கு மேற்பட்டவருக்கு மேலும் பின்னுமாகவும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். விட்ட பின் துளைக்கு முன்னால் உள்ள குருத்தை நாலைந்து தடவை மெதுவாக அழுத்தி, ஐந்து நிமிடம் மறுபக்கமாகப் படுக்க வையுங்கள். துளிகளுக்கு இடையில் காதைப் பஞ்சால் அடைத்து வைக்கக் கூடாது.

சீழ் இரண்டு வாரத்தைக் கடந்தும் வடிந்தால் அது நாட்பட்ட காதுநோயாகிவிடுகிறது. அங்கே கிருமிகளே வேறு. சூடோமோனஸ், ஸ்டஃபிலொகொக்கஸ் ஆகியவை குடியேறிவிடுவதால் வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின் பெரும்பாலும் பயன்தராது, உலர்த்துதலும் இரண்டு வாரம் துளி மருந்தும்தான் வைத்தியம். இதைப் பற்றி எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் உறவில் என்னிலும் ஏழு வயது மூத்த ஓர் அண்ணருக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு காது வடிந்துகொண்டிருந்தது. வலியில்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை; பெரியவனானால் தானாக நின்றுவிடும் என்றார்கள். வகுப்பில் பின்வாங்கில் இருந்தவரை மக்கு என்று சொல்லிச் சொல்லியே பத்தாம் வகுப்போடு படிப்பை விட வைத்தார்கள். நான் தாதிப் பயிற்சிக்குப் போன பிறகே அவருக்குப் பாடம் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. அப்போது அந்தக் காதில் கொலஸ்டியாடோமா என்னும் தோல் வளர்ச்சி எலும்பை அரித்து உள்ளே போயிருந்தது. சத்திரசிகிச்சையால் உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியது, கேட்கும் திறன் திரும்பவில்லை. அளவில் குறைவாக, ஆனால் துர்நாற்றத்தோடு வடியும் காது இந்த வளர்ச்சியின் அடையாளமாக இருக்கலாம். வலியில்லாமல் வடிகிறது என்பது ஒருபோதும் ஆறுதல் அல்ல.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். காதின் பின்புறமுள்ள எலும்பு வீங்கி, தொட்டால் நோவெடுத்து, மடல் முன்னோக்கித் தள்ளப்பட்டதுபோல் நின்றால் சீழ் எலும்புக்குப் பரவியிருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், கழுத்தை மடக்க முடியாத இறுக்கம், கடுமையான தலைவலியோடு திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், நிற்க முடியாத தலைசுற்றல், திடீரென்று கேளாமை ஆகியவையும் அவ்வாறே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சலே போதும். நிலாவெளியிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ இரவில் வாகனம் தேடி நேரத்தை வீணாக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

தடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசல் மூக்கு என்பதால் தடுப்பும் மூக்கையும் தொண்டையையும் சுற்றியதே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், ஆனால் அடுத்த பிள்ளைக்கு இதை நினைவில் வையுங்கள். மல்லாக்கப் படுத்தபடி சூப்பிப் போத்தலில் பால் குடிக்கும் பிள்ளைக்குப் பால் அந்தக் குறுகிய குழாயின் வாய்வரை தேங்குகிறது. தலையை உயர்த்திப் பிடித்தே பால் கொடுக்க வேண்டும், மூன்று வயதுப் பிள்ளைக்குப் போத்தலே வேண்டியதில்லை, கோப்பை போதும். சூப்பியை இன்னும் வாயில் வைத்து உறங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறக்கடியுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது புகையை. வீட்டில் யாராவது புகைபிடித்தால், பிள்ளையின் மூக்கிலும் குழாயிலும் சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. விறகடுப்புப் புகையும், மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றும் நுளம்புத்திரியும், குளித்த பிள்ளையின் தலைக்குப் பிடிக்கும் சாம்பிராணிப் புகையும் மூக்குக்குப் புகைதான். நுளம்புக்கு வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் பகல் உறக்கத்துக்கும் அந்த வலை வேண்டும். சாம்பிராணி அறைக்குப் போதும், தலையைத் துவாயால் உலர்த்தலாம். அப்பா வெளியில் நின்று புகைத்துவிட்டு வந்து உடனே பிள்ளையைத் தூக்கினாலும் உடையோடு புகை வருகிறது என்பதை அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

தடிமன் வந்துவிட்டால் மூக்கைச் சுத்தமாக வைத்திருப்பதே காதைக் காப்பது. பாமசியில் கிடைக்கும் உப்புநீர்த் துளியை ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் விட்டு, ஒரு துவாரத்தை மூடி மறு துவாரத்தால் மெதுவாகச் சீறப் பழக்குங்கள். இரண்டையும் பொத்திப் பலமாகச் சீறினால் சளி காதை நோக்கித் தள்ளப்படும். சிறு பிள்ளைக்கு ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை விடுதியில் வருடாவருடம் கண்டிருக்கிறேன். முன்பள்ளியில் ஒரு பிள்ளையின் தடிமன் வகுப்பு முழுவதற்கும் போகும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது சிறிய விடயமாகத் தோன்றினாலும் பலன் பெரியது.

தடுப்பூசிகளில், 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி முக்கியமானது, ஏனெனில் சின்னமுத்து காதில் சீழ் வைப்பதும் கேட்கும் திறனைக் கெடுப்பதும் நன்கு அறியப்பட்டவை. உங்கள் மகனுக்கு இப்போது மூன்று வயது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து இரண்டாவது ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லையென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். 2, 4, 6ஆம் மாதங்களில் கொடுத்த ஐந்து கூட்டு ஊசியில் ஹீமோஃபிலஸ் பி வகைக்கு எதிரான மருந்து உண்டு; அது மூளைக்காய்ச்சலைத் தடுக்கிறது, ஆனால் காதுக்குள் வருவது அதே கிருமியின் வேறு வகை என்பதால் காதுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நியூமோகொக்கஸ் தடுப்பூசி காதுத் தொற்றை ஓரளவும், அதே கிருமியால் வரும் நியூமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் அதிக அளவிலும் குறைக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் கட்டணத்துக்குப் போடுகிறார்கள். வசதி இருந்தால் குழந்தை வைத்தியரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அதற்காகக் கடன்பட வேண்டாம், மேலே சொன்ன பணமில்லாத வழிகளும் பயன்தருபவையே.

பெரியவர்களுக்கு இது குறைவாக வருவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்குபவர்கள் தடிமன் உள்ள நாளில் கடலுக்குள் இறங்கினால், குழாய் அடைத்திருப்பதால் அழுத்தம் சமப்படாமல் செவிப்பறை கிழிந்துவிடலாம். அன்றைய வருமானம் போனாலும் அந்த நாளை விட்டுவிட வேண்டும். நீரிழிவு உள்ள முதியவருக்கு இரவில் உறங்கவிடாத காதுவலி வந்தால் அது எலும்பைத் தின்னும் வெளிக்காதுத் தொற்றாக இருக்கலாம். தடிமன் எதுவும் இல்லாமல் ஒரு காது மட்டும் வாரக்கணக்காக அடைத்திருக்கும் பெரியவருக்கு மூக்கின் பின்புறத்தைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் அங்கு வளரும் புற்றுநோய் சில வேளைகளில் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

இனி உங்கள் மகனுக்கு. வடிதல் நின்றாலும் மருந்து முடிந்ததும் ஒரு தடவை செவிப்பறையைக் காட்டி, கிழிசல் மூடிவிட்டதா என்று பாருங்கள். தொற்று நீங்கிய பின்னும் நடுக்காதில் கெட்டியான நீர் தங்கியிருப்பது வழக்கம். பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரையும், ஒருவருக்கு மூன்று மாதம் வரையும் அது இருக்கலாம். அதற்கு அன்டிபயோட்டிக் வேண்டாம், பொறுமை வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைக்கு நாம் பேசுவது தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலிருக்கும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறானா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா, புதிய சொற்கள் வருவது நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். சொல் கேளாதவன் என்று அடிப்பதற்கு முன் சொல் கேட்கிறதா என்று பாருங்கள் என நான் தாய்மாரிடம் சொல்வது வழக்கம். அவனுடைய முன்பள்ளி ஆசிரியையிடமும் சொல்லி, முன்வரிசையில் இருத்தச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீர் தங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை அல்லது ஓர் ஆண்டுக்குள் நான்கு தடவை தொற்று வந்தாலோ காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது. தை முடிவதற்குள் இன்னொன்று வந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். நிபுணர் கேட்கும் திறனுக்கான பரிசோதனையும், செவிப்பறையின் அசைவை அளக்கும் சோதனையும் செய்வார். பிள்ளை வாயைத் திறந்து உறங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று கேட்பார், ஏனெனில் மூக்கின் பின்னால் உள்ள அடினொயிட் என்னும் நிணநீர்த் திசு பெருத்தாலும் குழாய் அடைபடும். தேவைப்பட்டால் செவிப்பறையில் குரொமெட் என்னும் மிகச் சிறிய காற்றுக் குழாயைப் பொருத்துவார்கள். அது பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் தானாகவே வெளியே விழுந்துவிடும். போகும்போது பதிவேட்டையும், பாமசியில் வாங்கிய துளி மருந்தின் போத்தலையும், இதுவரை கொடுத்த மருந்துத் துண்டுகளையும், எந்தெந்தத் திகதியில் காது குத்தியது, எத்தனை நாள் வடிந்தது என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டு செல்லுங்கள்.